பாரத்தோடு இறங்கும் லொறிக்கு கிலோமீட்டர் கணக்கு போதாது

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றி தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் நாலைந்து லொறி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சின் ஒயிலுக்கு கிலோமீட்டர் பார்த்து சேவிஸ் செய்யுங்கள், சரி. ஆனால் பிரேக்குக்கு அந்தக் கணக்கு உதவாது. சமதரையில் நூறு கிலோமீட்டர் ஓடிய லொறியும், 1,800 மீட்டருக்கு மேலே கோவாவும் கரட்டும் ஏற்றிக்கொண்டு றம்பொடை, புஸ்ஸல்லாவை என்று கம்பளை வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கிய லொறியும் ஒன்றாகுமா? அதனால் ஒவ்வொரு லொறிக்கும் ஒரு கொப்பி போட்டு, பாரத்தோடு எத்தனை தடவை இறங்கியது என்று எழுதுங்கள். பிரேக் லைனர் (டிரம்மில் உரசித் தேயும் பட்டை) மாற்றும்போது அந்த எண்ணிக்கையையும் குறித்து வைத்தால், இரண்டு தடவை மாற்றுவதற்குள் உங்கள் ரோட்டுக்கு உங்கள் லொறி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.

பிரேக் ஒயிலில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். எங்கள் லொறி ஒன்று லபுக்கலை வளைவுகளில் இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. டிரைவர் தம்பி இரண்டாம் கியரில் இருந்ததால் மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினான். அரை மணித்தியாலம் ஆறியதும் பெடல் பழையபடி வந்துவிட்டது, கராஜில் காட்டினால் "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். மூடியைத் திறந்து பார்த்தேன், ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், எங்கள் ஊர் மூடுபனிக்கும் மழைக்கும் சொல்லவா வேண்டும். டொட் 3 (டொட் என்பது பிரேக் ஒயிலின் தரக்குறியீடு) ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவியை அமுக்கினால் பிரேக் பிடிக்காது. இப்போது நான் டொட் 4 தான் போடுகிறேன் (புதிதில் 230, ஈரம் ஏறினால் 155), கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை முழுதாகக் கழற்றி மாற்றிவிடுகிறேன்.

அடுத்தது, கையில் பிடித்துச் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிக் கொடுங்கள். இறக்கம் முடிந்து தேத்தண்ணிக்கு நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு சில்லின் பிரேக் டிரம்மையும் ஒரே தூரத்திலிருந்து குறிபார்த்து எண்ணை போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் முதலில் தேடுவது ஆறிக் கிடக்கும் சில்லை. மற்றதெல்லாம் சுடும்போது ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை, அதன் பங்கையும் மற்றவை சுமக்கின்றன. சூடு அதிகமென்று ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறார்களே, அதைக் கட்டாயம் நிறுத்துங்கள், டிரம்மில் வெடிப்பு விழும்.

எக்ஸோஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைப்பது) இருக்கிற லொறியில் அதன் வால்வு கரி பிடித்து இறுகிவிடும். சுவிட்சைப் போட்டால் சத்தம் மாறுகிறதா என்று கிழமைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரைச் சோதிக்க எஞ்சினை நிறுத்தி பெடலை நாலைந்து தடவை மிதித்து, அமுக்கிப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அன்றைக்கு லோட் ஏற்றாதீர்கள்.

இனி ஜீபிஎஸ். லொறி எங்கே நிற்கிறது என்று பார்க்க மட்டும் அதை வைத்திருந்தால் காசு வீண். றம்பொடை இறக்கம், கினிகத்தேனை இறக்கம் இரண்டையும் வரைபடத்தில் தனித்தனியாக வட்டம் போட்டு, அங்கே மட்டும் வேக எல்லையைக் குறைத்து எச்சரிக்கை வரும்படி வையுங்கள். புதிய லொறியென்றால் எஞ்சின் சுற்று எண்ணிக்கையும் கருவியில் வரும். வேகம் ஏறிக்கொண்டு போகும்போது சுற்று ஐட்லிங்குக்கு விழுந்தால் நியூட்ரலில் இறக்குகிறார்கள் என்று அர்த்தம். டீசல் மிச்சம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், பாவம். கியரில் இருந்தபடி அக்சிலேட்டரை விட்டால் இப்போதைய எஞ்சின் டீசலே எடுக்காது, நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் போகும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். மலை மறைத்து சிக்னல் விட்டுப்போகும் இடங்கள் நிறைய, அதனால் வாங்கும்போதே தரவைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் கருவியா என்று கேளுங்கள். டாங்கியில் பொருத்தும் டீசல் சென்சரின் கணக்கை ஏற்ற இறக்கத்தில் நம்பவேண்டாம். டாங்கி சாய்ந்தால் அளவும் சாயும், அதை வைத்து டிரைவரைக் களவு சொல்லிவிடாதீர்கள். சமதரையில் நிற்கும்போது வரும் அளவை மட்டும் எடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஃபோனிலிருந்தே எஞ்சினை நிறுத்தும் வசதி சில கருவிகளில் உண்டு, பொருத்துகிறவரிடம் அந்த வயரை இணைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பூஸ்டரில் மிச்சமிருக்கும் காற்றுவெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அந்த நேரம் லொறி எந்த வளைவில் இருக்கிறது என்பது ஃபோனைப் பிடித்திருக்கிற உங்களுக்குத் தெரியாது.