இங்கிலீஷ்ல 'டு'க்கு (to) அப்புறம் எப்ப 'இங்' (-ing) வரும்? நாம தப்பு பண்ற இடங்கள்

இன்டர்வியூ முடிஞ்சு மெயில் போடுறப்போ கடைசி வரில நிறைய பேர் 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ'ன்னு எழுதுறாங்க. அது தப்பு. 'டு ஹியரிங் ஃப்ரம் யூ'ன்னுதான் வரணும்.

'டு'வுக்கு அப்புறம் வெர்ப் அப்படியே வரும்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிட்டோம், 'ஐ வான்ட் டு கோ' மாதிரி, அது சரிதான், ஆனா 'டு' ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்குன்னு அப்பவே சொல்லிக் குடுத்திருக்கணும். 'வான்ட் டு கோ'ல இருக்கிறது வெர்ப்போட சேர்ந்து வர்ற டு. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு'ல இருக்கிறது இன், ஆன், ஃபார் மாதிரி ஒரு ப்ரிபொசிஷன், அதுக்குப் பின்னாடி நவுன்தான் உக்காரும், வெர்ப்பை அங்க வைக்கணும்னா 'இங்' சேத்து நவுனா மாத்தியாகணும். தமிழ்ல 'போறதுக்கு பதிலா'ன்னு சொல்றோம், 'போ பதிலா'ன்னு யாராவது சொல்வாங்களா? அதேதான், 'இன்ஸ்டெட் ஆஃப் கோயிங்'.

டவுட் வந்தா 'டு'க்குப் பின்னாடி ஒரு நவுனைப் போட்டுப் பாருங்க. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' நல்லா நிக்குது, அப்போ இங் வேணும். 'ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை' நிக்காது, இங் வேண்டாம்.

ரொம்ப கவனமா இருக்க வேண்டியது 'யூஸ்ட் டு'. 'ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்'னா முன்னாடி நைட்ல வேலை பாத்தேன், இப்ப இல்லைன்னு அர்த்தம். 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்'னா நைட் வேலை எனக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம். நைட் ஷிஃப்ட் வேலைக்கு போறவங்க இதை மாத்தி சொன்னா, கேக்குறவங்க நேர் எதிரா புரிஞ்சுக்குவாங்க.

மத்த ப்ரிபொசிஷன்ல குழப்பம் கம்மிதான், 'தேங்க்ஸ் ஃபார் ஹெல்பிங்', 'வித்தவுட் டெல்லிங்', எல்லாமே இங். ஆனா 'போகணும்னு அடம்பிடிச்சான்'ங்கிறதை மனசுல வச்சுக்கிட்டு 'ஹி இன்சிஸ்டட் டு கோ'ன்னு சொல்லிடுறோம், அங்க டு-வே வராது, 'இன்சிஸ்டட் ஆன் கோயிங்'. 'வரவிடாம தடுத்தாங்க'ன்னா 'ப்ரிவென்டட் மீ ஃப்ரம் கமிங்'.

ப்ரிபொசிஷனுக்கு அப்புறம் இங்-ங்கிறதுக்கு விலக்கும் இருக்கு. 'ஐ ஆம் அபவுட் டு லீவ்', இங் கிடையாது. 'ஹி டிட் நத்திங் பட் ஸ்லீப்', தூங்குறதைத் தவிர ஒண்ணும் பண்ணல, அதுல 'இங்'கும் வராது, 'டு'வும் வராது.