வேலு நாச்சியாரின் ஊருக்குப் போகிறீர்களா? காளையார்கோவிலில் இருந்து தொடங்குங்கள்

வெளிநாட்டிலிருந்து மதுரையில் வந்து இறங்கும் நம்மவர்களில் பலர், சிவகங்கை சூரக்குளத்தில் உள்ள, சிவகங்கைச் சீமையின் ராணி வேலு நாச்சியாரின் மணிமண்டபத்தில் சிலையோடு படம் எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மதுரை திரும்பிவிடுகிறார்கள். கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பது மாதிரிதான் அது.

நான் சொல்வது தலைகீழ் வழி. காலையிலேயே வாடகைக் கார் பிடித்து, சிவகங்கையில் நிற்காமல் தொண்டிச் சாலையில் நேரே காளையார்கோவில் போய்விடுங்கள். மதுரையிலிருந்து சுமார் 65 கி.மீ. தாமதமாகக் கிளம்பினால் மதியம் கோவில் நடை சாத்தியிருக்கும். 1772இல் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து அனுப்பிய படையிடம் நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதர் உயிரிழந்தது இந்த ஊரில்தான். கோவிலுக்கு எதிரிலேயே நாச்சியாரின் தளபதிகளாக இருந்த மருது சகோதரர்களின் சமாதி இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் கொல்லங்குடி. வெட்டுடையார் காளியம்மன் கோவிலுக்குக் கூட்டம் வேண்டுதலோடு வருகிறது, உடையாளைத் தேடி வருகிறவர்கள் குறைவு. நாச்சியார் தப்பிப் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்ட பெண் அவள். பின்னாளில் ராணி தன் வைரத் தாலியையே அவளுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார் என்பார்கள் ஊர்க்காரர்கள். ஏட்டில் இருக்கிறதோ இல்லையோ, வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அந்த இடத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் சிவகங்கை. கணவர் இறந்த பிறகு நாச்சியாருக்கு எட்டு வருடம் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் பாளையக்காரர் கோபால நாயக்கரின் அடைக்கலம், மைசூர் ஹைதர் அலியின் படை உதவி. 1780இல் ராணி சீமையை மீட்டார். அரண்மனையில் ராஜராஜேஸ்வரி அம்மன் கோவிலைக் கும்பிடலாம். மற்ற பகுதிகளுக்குள் விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். விஜயதசமிக் கூட்டத்தோடு உள்ளே நுழைந்து எதிரியின் ஆயுதக் கிடங்கைத் தன் உடலோடு கொளுத்திய, நாச்சியாரின் படையைச் சேர்ந்த குயிலியின் கதை இந்த அரண்மனையைச் சேர்ந்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டு மாலையில் மணிமண்டபம் போனால் அந்தச் சிலையைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். அக்டோபர் கடைசி வாரத்தில் டிக்கெட் போடாதீர்கள். 27ஆம் தேதி காளையார்கோவிலில் மருதுபாண்டியர் குருபூஜை, 30இல் பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. வழியெங்கும் போலீஸ் சோதனை இருக்கும், வாடகை வண்டிக்காரர்களே வரத் தயங்குவார்கள்.