டேபிளில் இரட்டிப்பான வரிசைகளை அழிக்காமல் குறித்து வைப்பது எப்படி?

மூன்று எக்செல் கோப்புகளைச் சேர்த்து எங்கள் தெரு நூலகத்தின் உறுப்பினர் பட்டியலை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஏற்றினேன். ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் இருந்தார். உடனே அழிக்கத்தான் தோன்றியது. ஆனால் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்ற கணக்கு இன்னொரு டேபிளில், இந்த ஐடிகளை நம்பித்தான் இருக்கிறது. அதனால் அழிக்காமல், "இது இன்ன வரிசையின் நகல்" என்று குறித்து மட்டும் வைத்தேன்.

படி 1. டேபிளில் இரண்டு நெடுவரிசைகள் சேருங்கள்: எழுத்து வகையில் 'சாவி' (ஒரே ஆளை அடையாளம் காண), எண் வகையில் 'மூல_ஐடி' (எந்த வரிசையின் நகல் என்று குறிக்க). (போஸ்ட்கிரெஸில் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பெயருக்கு 63 பைட் வரைதான் இடம், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், அதனால் சுருக்கமாக வையுங்கள்.) பலர் ஆம்/இல்லை என்று ஒரு பூலியன் வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. நகல் என்று தெரியும், எதன் நகல் என்று தெரியாது.

படி 2. சாவியை நிரப்புங்கள். போன் எண்ணில் இலக்கம் அல்லாததை நீக்கி, கடைசி 10 இலக்கத்தை எடுங்கள். அதோடு, இடைவெளிகளை நீக்கிய பெயரை ஒட்டுங்கள். போன் எண் மட்டும் போதாது. ஒரே எண்ணைத்தான் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கொடுத்திருப்பார்கள்.

இங்கேதான் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். இரண்டு வரிசையிலும் 'கோமதி'தான், அதே போன் எண்தான், ஆனாலும் சாவி பொருந்தவில்லை. கடைசியில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் 5, மற்றதில் 6! யூனிகோடில் 'ோ' என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைச்சுழிக் கொம்பும் ('ே') காலுமாக ('ா') இரண்டு குறியீடாகவும் எழுதலாம். 'ொ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதைதான். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. பெயரை 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷனுக்குள் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இது போஸ்ட்கிரெஸ் 13 முதல் இருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் உள்ள எந்த டேபிளிலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

'எஸ். கோமதி', 'கோமதி எஸ்' போன்றவற்றை இந்த முறை பிடிக்காது. அவற்றைப் போன் எண்படி அடுக்கிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

படி 3. முதலில் 'பிகின்' கொடுங்கள். இந்த வேலைக்கு நான் பிஎஸ்கியூஎல் (psql) என்ற கருப்புத் திரையைத்தான் பயன்படுத்துகிறேன்; அதிலும் ஆட்டோ கமிட் தானாகவே ஆன் ஆகியிருக்கும், பிகின் கொடுத்தால்தான் மாற்றங்கள் உடனே நிலைக்காமல் உங்கள் முடிவுக்குக் காத்திருக்கும். உள்ளே ஒரு செலக்ட்: ஒவ்வொரு ஐடியோடும், சாவியால் 'பார்ட்டிஷன் பை' செய்து (ஒரே சாவி உள்ள வரிசைகளை ஒரு கூட்டமாக்கி) கிடைக்கும் மிகச் சிறிய ஐடி. வெளியே அப்டேட்: இரண்டும் வேறாக இருந்தால் அந்தச் சிறிய ஐடியை மூல_ஐடியில் எழுது. இப்படிக் கூட்டம் கூட்டமாகக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷனை அப்டேட்டில் நேரடியாக எழுதினால் எரர் வரும், உள் செலக்ட் கட்டாயம். எத்தனை வரிசை மாறியது என்று பார்த்து, சரி என்றால் கமிட் (மாற்றம் நிலைக்கும்), இல்லையென்றால் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்பும்).

போஸ்ட்கிரெஸுக்குப் பதில் மைஎஸ்கியூஎல் 5.7 வைத்திருந்தால் விண்டோ ஃபங்ஷன் கிடையாது, 8.0-வில்தான் வந்தது. குரூப் பை செய்து ஜாயின் பண்ணுங்கள்.

படி 4. மூல_ஐடி 'நல்' (NULL, மதிப்பே இல்லாதது) ஆக உள்ள வரிசைகளை மட்டும் காட்டும் ஒரு வியூ (சேமித்து வைத்த செலக்ட்) உருவாக்குங்கள். உறுப்பினர் பட்டியலை இனி அதிலிருந்து எடுங்கள்.

பிற்சேர்க்கை: போன் எண்ணே இல்லாத உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே ஆளின் நகலாகக் குறிக்கப்பட்டுவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. இரட்டைக் கோடு (||) போட்டுப் போன் எண்ணையும் பெயரையும் ஒட்டும்போது ஒரு பக்கம் நல் என்றால் சாவியே நல் ஆகிவிடும். சமக்குறி போட்டு ஒப்பிட்டால் நல்லும் நல்லும் சேராது, ஆனால் பார்ட்டிஷன் பை எல்லா நல்லையும் ஒரே கூட்டமாக்கிவிடும். உள் செலக்ட்டில் 'சாவி நல் அல்லாதவை மட்டும்' என்று ஒரு 'வேர்' (WHERE) நிபந்தனை சேருங்கள். ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் மூல_ஐடி முழுவதையும் நல் ஆக்கிவிட்டுப் படி 3-ஐ மறுபடி ஓட்டினால் போதும்.