நம்ம ஊர் மைன்கிராஃப்ட் சர்வரில் விஆர் ஆட்களையும் சேர்ப்பது எப்படி

கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் மைன்கிராஃப்ட் சர்வர் ஓட்டுகிற பசங்களிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது: துபாயில் இருக்கிற அண்ணன் ஒரு குவெஸ்ட் ஹெட்செட் வாங்கிட்டார், அவர் விஆரிலேயே (கண்ணில் ஹெட்செட் மாட்டி விளையாட்டுக்குள்ளேயே நிற்கிற மாதிரி ஆடும் மெய்நிகர் முறை) நம்ம உலகத்துக்குள்ள வர முடியுமா? தாராளமாக வரலாம். இதற்காக சர்வருக்குப் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. இரண்டு கண்ணுக்கும் படம் வரைகிற பெரிய வேலை முழுக்க ஹெட்செட் போட்டவர் பக்கத்திலேயே நடந்துவிடும். சர்வருக்கு இருப்பது இரண்டே பொறுப்பு. அவருடைய தலையும் கைகளும் எங்கே இருக்கின்றன என்பதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் அசைவதைப் பார்த்து ஏதோ ஹேக் போடுகிறார் என்று நினைத்துப் பின்னால் இழுக்காமல் இருக்க வேண்டும்.

முதலில் எந்த எடிஷன் என்று பாருங்கள், மைன்கிராஃப்டில் ஜாவா, பெட்ராக் என்று இரண்டு உண்டு. பெட்ராக் எடிஷனில் இருந்த அதிகாரப்பூர்வ விஆர் வசதியை 2025 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள், அதனால் நம்பிப் போக ஒரே வழி ஜாவா எடிஷனும், அதை விஆரில் ஆட வைக்கும் விவ்கிராஃப்ட் மோடும்தான் (மோட் என்றால் விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்). விளையாடுபவரிடம் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள பிசி இருந்தால் ஸ்டீம்விஆர் (பிசியில் ஹெட்செட்டை இயக்கும் மென்பொருள்) வழியாக விவ்கிராஃப்டை ஓட்டலாம், பிசி இல்லாமல் குவெஸ்ட் மட்டும் இருந்தால் குவெஸ்ட்கிராஃப்ட் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் உள்ளே விவ்கிராஃப்டைத்தான் பயன்படுத்துகிறது. எதுவானாலும் காசு கொடுத்து வாங்கிய ஜாவா கணக்கு வேண்டும்.

சரி, சர்வர் பக்கம் வருவோம். எதைத் தொடும் முன்பும் சர்வரை நிறுத்தி, வேர்ல்டு ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். மாதக்கணக்கில் பத்துப் பேர் சேர்ந்து கட்டிய ஊர் அது. அப்புறம் உங்கள் சர்வர் ஸ்பிகாட் அல்லது பேப்பர் (ப்ளகின் ஏற்கும் சர்வர் மென்பொருள்கள்) என்றால், விவ்கிராஃப்டின் ஸ்பிகாட் எக்ஸ்டென்ஷன் ப்ளகினை இறக்கி ப்ளகின்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். மோட் ஏற்கும் ஃபேப்ரிக் அல்லது நியோஃபோர்ஜ் சர்வர் என்றால் தனி ப்ளகின் வேண்டாம், விவ்கிராஃப்ட் மோடையே சர்வரின் மோட்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும். மைன்கிராஃப்ட் பதிப்பு எண்ணும் ப்ளகின் பதிப்பும் பொருந்த வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். புதுப் பதிப்பு வந்த அன்றே சர்வரை அப்டேட் செய்யாதீர்கள், விவ்கிராஃப்ட் அந்தப் பதிப்புக்கு வந்த பிறகு ஏறலாம். மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் சர்வர் கம்ப்யூட்டரில் குறைந்தது ஜாவா 21 வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பலரும் மாட்டிக்கொள்கிற இடம். விஆரில் இருப்பவர் தன் வீட்டு ஹாலில் நிஜமாகவே இரண்டு எட்டு நடக்கிறார், பட்டன் எதையும் அழுத்தவில்லை, ஆனால் விளையாட்டுக்குள் உடம்பு நகர்கிறது. டெலிபோர்ட் முறையில் நகர்ந்தால் ஒரே தாவில் பல பிளாக் தாண்டுவார். சாதாரண சர்வர் இதைப் பார்த்து 'ரொம்ப வேகமாக நகர்ந்தார்' (moved too quickly) என்று லாகில் எழுதிவிட்டுப் பழைய இடத்துக்கே அவரை இழுத்துவிடும். ஹெட்செட் போட்டவருக்கு உலகமே சடாரென்று பின்னால் நகர்ந்த மாதிரி இருக்கும், தலை சுற்றிவிடும். ஸ்பிகாட் யாமல் (spigot.yml) கோப்பில் இதற்கு இரண்டு எண்கள் இருக்கின்றன: வேகத்துக்கானது 10, தப்பான நகர்வுக்கானது 0.0625. இவற்றை 64 என்றும் 15 என்றும் ஏற்றிவிடுங்கள். தனியாக ஹேக் போடுபவர்களைப் பிடிக்கும் ஆன்டிசீட் ப்ளகின் வைத்திருந்தால் விஆர் ஆட்களுக்கு அதில் விலக்கு கொடுங்கள். 'பறக்க அனுமதி இல்லை' என்று யாராவது வெளியே தள்ளப்பட்டால் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் பறக்கும் அனுமதியை ட்ரூ ஆக்குங்கள். இவ்வளவு கதவைத் திறந்துவிடுவதால் ஒயிட்லிஸ்ட் (பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும் உள்ளே விடும் அமைப்பு) கட்டாயம். தெரிந்தவர்கள் மட்டும் வரும் சர்வரில் இந்தத் தளர்வால் ஒன்றும் கெட்டுவிடாது.

யாருக்கு என்ன தெரியும் என்பதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ப்ளகின் வேலை செய்யவில்லை என்று சண்டை வரும். அண்ணன் கையை ஆட்டுவது லேப்டாப்பில் விளையாடும் தம்பிக்குத் தெரிய வேண்டுமென்றால் தம்பியும் விவ்கிராஃப்ட் போட வேண்டும், ஹெட்செட் இல்லாமலே விஆர் அல்லாத முறையில் அது ஓடும். வெறும் ஜாவா கிளையன்டில் வருபவருக்கும், பெட்ராக் ஆட்களை ஜாவா சர்வருக்குள் விடும் கைசர் வழியாக போனில் வருபவருக்கும் வழக்கமான பொம்மை உடம்புதான் தெரியும். அவர்கள் விளையாட எந்தத் தடையும் இல்லை. ஆகவே 'விவ்கிராஃப்ட் இல்லாதவர்களை வெளியேற்று' என்கிற அமைப்பை ஆஃபிலேயே வையுங்கள். ஹெட்செட் வாங்க முடிந்தவர் ஒருவர் இருந்தால் வாங்க முடியாதவர் பத்துப் பேர் இருப்பார்கள், சர்வர் அவர்களுடையதும்தான்.

ப்ளகினின் கான்ஃபிக் கோப்பில் இன்னும் சில உண்டு. நிஜ வில்லைப் போல இழுத்து எய்வதால் விஆர் ஆளின் அம்புக்குக் கூடுதல் சேதம் கொடுக்கும் பெருக்கல் எண் இருக்கிறது. அரக்கர்களை அடிக்க அது சரி, ஆட்களுக்குள் சண்டை உண்டென்றால் 1 ஆக்கிவிடுங்கள். கிரீப்பர் என்கிற வெடிக்கும் அரக்கன் எவ்வளவு தூரத்தில் வெடிக்கத் தொடங்கும் என்பதைக் குறைக்கும் அமைப்பை மட்டும் அப்படியே விடுங்கள், விஆரில் முகத்துக்கு நேரே அது வந்து நிற்பது உண்மையிலேயே பயமாக இருக்கும்.

பாம்பன் பாலத்தை ஒரு பிளாக்குக்கு ஒரு மீட்டர் கணக்கில் கட்டுபவர்கள் இங்கே உண்டு, அவர்களுக்காக இது. பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதாவது இரண்டாயிரம் பிளாக்குக்கு மேல். வியூ டிஸ்டன்ஸ் (பார்வை தூரம், 16 பிளாக் கொண்ட சங்க் கணக்கில்) 10 என்றால் ஒரு பக்கம் 160 பிளாக்தான் தெரியும். பாலம் இன்னும் நிறையத் தெரியட்டும் என்று 32 வைத்தால் சர்வரும் திணறும், ஹெட்செட் பக்கத்தில் படமும் விட்டு விட்டு வரும், விஆரில் அது நேராக வாந்தியில் முடியும். 10 போதும், சிமுலேஷன் டிஸ்டன்ஸ் (ஆளைச் சுற்றி உலகம் இயங்கும் தூரம்) 6. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்கு ஸ்பான் அதற்குள் முழுசாகத் தெரியும், பார்க்க வேண்டியதும் அதுதான். தண்டவாளத்தில் மைன்கார்ட் ஓட்டினால் வண்டியோடு பார்வையும் திரும்பும் அமைப்பை விவ்கிராஃப்டில் ஆஃப் செய்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். பாலத்து ஓரத்தில் ஒரு பிளாக் உயரக் கைப்பிடியும் வையுங்கள், கீழே கடலைப் பார்க்கும்போது கால் கூசும்.

வீட்டிலிருந்தே சர்வர் ஓட்டுகிறீர்களா? ரவுட்டரில் காட்டும் வான் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்க முகவரி, 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் (பல வீடுகளுக்கு ஒரே வெளி ஐபியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள், 25565 போர்ட்டை எவ்வளவு திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. டெயில்ஸ்கேல் போட்டு எல்லாரையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்க்கலாம், அல்லது மும்பையில் ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நம்ம கரைக்கு நான் விபிஎஸ்தான் சொல்வேன். வீட்டில்தான் என்றால் பிசிக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் வையுங்கள், பாதி எழுதும்போது நின்றால் வேர்ல்டு கெட்டுப் போகலாம்.

விஆரில் சாட் டைப் அடிப்பது பெரும்பாடு. சிம்பிள் வாய்ஸ் சாட் போடுங்கள், யுடிபி 24454 போர்ட் திறந்திருக்க வேண்டும், விளையாடுபவர்களும் அந்த மோடைப் போட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் குரல் பக்கத்திலிருந்தே கேட்கும். வெளிநாட்டில் இருப்பவர் கை நீட்டி, "இந்தத் தூண் கொஞ்சம் கோணலா இருக்குடா" என்று காதருகே சொல்லும்போது, இவ்வளவு அமைப்பும் எதற்கு என்று புரிந்துவிடும்.

ஹெட்செட் போடும் அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் நின்றபடி வாளைத் தூக்காதீர்கள், ஓட்டு வீட்டிலும் தாழ்ந்த கூரையிலும் கை நேராக இறக்கையில்தான் படும். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு டேபிள் ஃபேனை முன்னால் வையுங்கள். வேர்வையில் லென்ஸ் மங்குவது குறையும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்தே எந்தத் திசையில் நிற்கிறோம் என்று உடம்புக்குத் தெரியும். அதற்கும் இடமில்லாவிட்டால் விவ்கிராஃப்டில் உட்கார்ந்து ஆடும் முறை உண்டு.

கடைசியாக, எல்லாரையும் கூப்பிடும் முன் இரண்டு பேர் மட்டும் உள்ளே போய்ப் பாருங்கள். ஒருவர் ஹெட்செட்டில், ஒருவர் விவ்கிராஃப்ட் போட்ட லேப்டாப்பில். கையை ஆட்டச் சொல்லுங்கள், வில் எய்யச் சொல்லுங்கள், ஏணி ஏறச் சொல்லுங்கள், டெலிபோர்ட்டில் ஒரு வீட்டைச் சுற்றி வரச் சொல்லுங்கள், அந்த நேரம் முழுக்க சர்வர் கன்சோலைத் திறந்தே வைத்திருங்கள். 'வேகமாக நகர்ந்தார்' என்ற வரி ஒன்றுகூட வரவில்லை என்றால் ஒயிட்லிஸ்டில் மற்றவர்கள் பெயரைச் சேர்க்கத் தொடங்கலாம்.