ஃப்ரீஸ்டைல் நீச்சலில் மூச்சு: தலையைத் தூக்காமல் திருப்புவது எப்படி?

25 மீட்டர் முடிவதற்குள் மூச்சு முட்டுகிறதா? பெரும்பாலும் தெம்பில் குறையில்லை. மூச்செடுக்கும்போது தலை எங்கே போகிறது என்று பாருங்கள்.

நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும், இடுப்பும் காலும் தாழத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பு உடனே இறங்கிவிடும். உடல் சரிந்து, தண்ணீரில் மோதும் பரப்பு பெரிதாகும். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியான நீரில் அதற்கு நல்ல விலை கொடுக்க வேண்டியிருக்கும். வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், வேகமாக நீந்துபவருக்கு இழப்பு இன்னும் அதிகம்.

முதலில் சரிசெய்ய வேண்டியது மூச்சை விடுவதை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்வரை மூக்கு வழியாகக் குமிழி வந்துகொண்டே இருக்கட்டும். திரும்பப் போகும் நேரத்தில் மிச்சத்தைப் பலமாக ஊதிவிடுங்கள். அடக்கி வைத்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்கித் தவிப்பு வரும். மேலே வந்த சின்ன நேரத்தில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். நேரம் போதாமல்தான் தலை எழும்புகிறது.

வலப்பக்கம் மூச்செடுப்பதாக வைத்துக்கொள்வோம். இடக்கை நீரில் நுழைந்து முன்னே நீளும்போது வலத்தோள் மேலே உருளும். தலை அதோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். ஒரு கண்ணின் காகிள்ஸ் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். தலை நீரைத் தள்ளிக்கொண்டு போகையில் கன்னத்தருகே நீர்மட்டம் பள்ளமாகும். வாய் அந்தப் பள்ளத்துக்கு வந்தால் போதும். வலக்கை தோளைத் தாண்டுமுன் முகம் மறுபடி கீழே போய்விட வேண்டும். தாமதித்தால் தோள் திரும்பத் தொடங்கிவிடும், கழுத்தை மட்டும் முறுக்க வேண்டியிருக்கும்.

பலரும் கவனிக்காதது நீட்டிய இடக்கையை. மூச்செடுக்கும்போது அது நீரைக் கீழே அமுக்கினால், அடுத்த இழுப்புக்குப் பிடிமானமே இருக்காது. உடலின் நடுக்கோட்டைத் தாண்டி அது உள்ளே போனாலோ, சமநிலைக்காகக் கால்கள் கத்தரிபோல விரியும். ஒவ்வொரு விரிப்பும் ஒரு பிரேக்.

இதற்கு ஃபின்ஸ் (காலில் அணியும் துடுப்பு) மாட்டிப் பக்கவாட்டில் கிக் அடிப்பதுதான் சிறந்த பயிற்சி. கீழ்க்கை முன்னே, மேல்கை தொடையில், பார்வை தரையில். ஆறு கிக்குக்குப் பிறகு தலையை மட்டும் திருப்பி மூச்செடுத்து, கையை மாற்றுங்கள். நான்கு முறை 25 மீட்டர் போதும்.

மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை மூச்செடுப்பது இரு பக்க உருளலையும் சமமாக்கும், பயிற்சியில் அவசியம். ஆனால் நீண்ட தூரத்தில் காற்றுதான் முக்கியம். நீண்ட தூரத்தில் பல ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க வீராங்கனை கேட்டி லெடெக்கியே பெரும்பாலும் வலப்பக்கம் மட்டும் மூச்செடுப்பவர். 50 மீட்டரில் முன்னணி வீரர்கள் ஒருமுறை எடுப்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள்.

உங்கள் குறையை அளக்க முன்பக்க ஸ்நார்க்கெல் (தலையைத் திருப்பாமலே மூச்செடுக்க உதவும் குழாய்) மாட்டி 25 மீட்டர் நீந்தி, நேரத்தையும் கைவீச்சு எண்ணிக்கையையும் குறியுங்கள். பிறகு அதே முயற்சியோடு, ஸ்நார்க்கெல் இல்லாமல் நீந்துங்கள். இரண்டாம் முறை எண்ணிக்கையும் நேரமும் கூடினால், நீட்டிய கையிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.