ஃப்ரீமேசன் சின்னங்களை படிக்கிறது எப்படி: கண்ணை விட்டுட்டு கவராயத்துல ஆரம்பிங்க

யூட்யூப்ல ஃப்ரீமேசன்னு (சின்னம், சடங்குன்னு இயங்குற ஒரு பழைய சகோதர சங்கம்) அடிச்சா முதல்ல வர்றது முக்கோணத்துக்குள்ள ஒரு கண்ணு, பின்னாடி பேய்ப்படம் மாதிரி மியூசிக், அடுத்தது டாலர் நோட்டு. அந்த ரூட்ல போனீங்கன்னா எத்தனை வீடியோ பார்த்தாலும் ஒரு சின்னம்கூட படிக்க வராது. ஏன்னா கண்ணுங்கிறது இவங்க சொத்தே கிடையாது, இரவல் வாங்கினது. இவங்க சொந்த சரக்கு கொத்தனார் பையில இருக்கிற சாமான்தான், அதனால அதுலேர்ந்து ஆரம்பிங்க.

பின்னணி ரெண்டு வரி போதும். ஐரோப்பாவுல கல் வேலைக்காரங்களுக்கு சங்கம், அதுல தொழில் பழகுற படிகள், இதெல்லாம் ரொம்ப காலமா இருந்துச்சு. 17-ம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்துலயும் உளி பிடிக்கவே தெரியாத கனவான்கள் அந்த சங்கத்து லாட்ஜுகள்ல, அதாவது கிளைகள்ல, சேர ஆரம்பிச்சாங்க, 1717 ஜூன் 24 அன்னிக்கு லண்டன்ல கூஸ் அண்ட் கிரிடயர்ன்னு ஒரு சாராயக்கடையில நாலு லாட்ஜ் ஒண்ணா கூடி கிராண்ட் லாட்ஜ்ங்கிற தலைமை அமைப்பு ஆச்சுன்னு அவங்க வழிவழியா சொல்லிட்டு வர்றாங்க. வர்றவன் யாரும் கல்லு செதுக்கப்போறதில்ல, ஆனா சாமான் மட்டும் கையில இருக்கு, அதனால ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஒழுக்கப் பாடத்தை ஒட்டி வச்சாங்க. மொத்த விஷயமும் இவ்வளவுதான். சின்னத்தை பார்த்தா பாடம் ஞாபகம் வரணும்.

சரி, இப்ப கையில ஒரு மோதிரமோ பழைய கட்டடத்து போட்டோவோ இருக்குன்னு வச்சுக்குங்க. முதல்ல மூலைமட்டமும் கவராயமும் இருக்கான்னு பாருங்க, மேல விரிஞ்ச கவராயம், கீழ வி மாதிரி மூலைமட்டம். மூலைமட்டம்னா நடத்தை நேரா இருக்கணும், கவராயம்னா ஆசைக்கு ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள நிக்கணும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச அர்த்தம். தெரியாதது என்னன்னா ரெண்டும் எப்படி பின்னியிருக்குங்கிறதுல தான் மேட்டரே இருக்கு. மேசன்கள்ல மூணு படி (டிகிரி) உண்டு: கவராயத்தோட ரெண்டு முனையும் மூலைமட்டத்துக்கு அடியில மறைஞ்சிருந்தா முதல் படி, ஒரு முனை மட்டும் வெளிய வந்திருந்தா ரெண்டாவது படி, ரெண்டு முனையும் மேல வந்துட்டா மூணாவது படி, அதாவது மாஸ்டர் மேசன். மோதிரம், கார் ஸ்டிக்கர்ல எல்லாம் அனேகமா மூணாவதுதான் இருக்கும், ஆனா பழைய படங்கள், லாட்ஜ் உள்ள இருக்கிற சாமான்கள் பார்க்கும்போது இதை கவனிச்சீங்கன்னா எந்த படிக்கான சடங்குன்னு உடனே சொல்லிடலாம்.

நடுவுல ஆங்கில ஜி எழுத்து இருக்கா? இருந்தா பெரும்பாலும் அமெரிக்க பக்கம். இங்கிலாந்துல சின்னத்துக்கு நடுவுல ஜி போடுறது வழக்கமில்ல, லாட்ஜ் கூரையிலேர்ந்து தனியா தொங்கவிட்டிருப்பாங்க. ஜியாமெட்ரிக்கும் கடவுளுக்கும் சேர்த்து ஒரே எழுத்துன்னு சொல்வாங்க, பிரபஞ்சத்தை கட்டின பெரிய ஆர்க்கிடெக்ட்னு கடவுளை கூப்பிடுறவங்களுக்கு அது ரெண்டும் ஒண்ணுதானே.

அடுத்து யாரு போட்டிருந்தாங்கன்னு பாருங்க. கழுத்துல தொங்குற நகையில மூலைமட்டம் மட்டும் இருந்தா அவர்தான் லாட்ஜ் மாஸ்டர், அந்த லாட்ஜோட தலைவர். ரசமட்டம் இருந்தா அவருக்கு அடுத்த அதிகாரியான சீனியர் வார்டன் (இங்க ரசம் இருக்காது, ஏ வடிவ சட்டத்துல நூல் தொங்கவிட்ட பழைய மட்டம்), தூக்குக்குண்டு இருந்தா ஜூனியர் வார்டன். மட்டம்னா எல்லாரும் சமம், தூக்குக்குண்டுன்னா நிமிர்ந்து நட. மாஸ்டர் கிழக்குல உட்காருவார், சீனியர் வார்டன் மேற்குல, ஜூனியர் வார்டன் தெற்குல. வடக்கு காலி, வெளிச்சம் வராத திசைன்னு கணக்கு. பழைய லாட்ஜ் ரூம் போட்டோ கிடைச்சா நாற்காலிகளை வச்சே திசை கண்டுபிடிக்கலாம்.

பெயிண்டிங்ல ஒருத்தர் ஏப்ரன் கட்டிக்கிட்டு நிக்கிறார்னா அதையும் விடாதீங்க, இங்கிலீஷ் வழக்கத்துல ஒண்ணுமில்லாத வெள்ளை ஏப்ரன்னா புதுசா சேர்ந்தவர், கீழ ரெண்டு நீல ரோசெட் (பூ மாதிரி மடிச்ச துணி) இருந்தா ரெண்டாவது படி, மூணு ரோசெட் இருந்தா மாஸ்டர் மேசன், ரோசெட் இருக்க வேண்டிய இடத்துல தலைகீழா நிக்கிற ஆங்கில T மாதிரி வெள்ளியில மூணு இருந்தா அவர் லாட்ஜ் மாஸ்டரா இருக்கிறவர் இல்லன்னா இருந்தவர். வெளிர் நீலம் சாதாரண லாட்ஜ், கருநீலத்துல தங்க ஜரிகைன்னா பெரிய பதவி. ஏப்ரனே தெரியாம முகத்தையும் கை வச்சிருக்கிற விதத்தையும் பார்த்து இவர் மேசன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, கோட்டுக்குள்ள கை விட்டு நிக்கிறது அந்த காலத்துல போர்ட்ரெய்ட்டுக்கு எல்லாரும் குடுத்த போஸ்.

இப்ப உண்மையிலேயே சுவாரஸ்யமான இடத்துக்கு வர்றோம், ட்ரேசிங் போர்டு, அதாவது ஒரு டிகிரிக்கான சின்னங்களை எல்லாம் ஒண்ணா வரைஞ்ச பலகை. சின்னங்களை கத்துக்கணும்னா இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஆரம்பத்துல சாராயக்கடை மாடியில கூடினப்போ தரையில சாக்பீஸால கோலம் மாதிரி வரைஞ்சு, சடங்கு முடிஞ்சதும் ஈரத்துணியால துடைச்சு விட்டுடுவாங்க, வெளியாள் பார்க்கக்கூடாதுன்னு. அப்புறம் துணியில வரைஞ்சாங்க, அப்புறம் பலகையில. 1840-கள்ல ஜான் ஹாரிஸ்னு ஒரு ஓவியர் வரைஞ்ச டிசைன்தான் இங்கிலாந்துல இன்னிக்கும் அதிகமா புழங்குது, நெட்ல அவர் பேரோட முதல் டிகிரி ட்ரேசிங் போர்டுன்னு தேடினா கிடைக்கும், அதை ஒரு டேப்ல தொறந்து வச்சுக்கிட்டு கீழ சொல்றதை படிங்க.

கீழேர்ந்து மேல போங்க. தரை கறுப்பு வெள்ளை கட்டம், வாழ்க்கையில நல்லது கெட்டது மாறி மாறி வரும்ங்கிறதுக்கு. நாலு மூலையிலயும் குஞ்சம், நிதானம், துணிவு, விவேகம், நீதின்னு நாலு குணம். அதுக்கு மேல மூணு தூண், மூணும் ஒரே மாதிரி இருக்காது, தலைப்பகுதியை ஜூம் பண்ணுங்க: சுருள் இருக்கிற அயோனிக் ஞானத்துக்கு, அலங்காரமே இல்லாத டோரிக் பலத்துக்கு, இலை இலையா செதுக்கின கொரிந்தியன் அழகுக்கு. இந்த மூணும்தான் மாஸ்டர், சீனியர் வார்டன், ஜூனியர் வார்டன், அதே வரிசையில. அப்புறம் ரெண்டு கல்லை தேடுங்க. ஒண்ணு கரடுமுரடு, அது புதுசா வந்த ஆள். இன்னொண்ணு செதுக்கி முடிச்ச சதுரக் கல், முக்காலியிலேர்ந்து கப்பியில தொங்கும், அந்தக் கல்லை கவ்வியிருக்கிற இரும்புக் கொக்கிக்கு லூயிஸ்னு பேரு, மேசனோட பையனையும் லூயிஸ்னுதான் கூப்பிடுவாங்க, அப்பன் பாரத்தை தூக்குறவன்ங்கிற கணக்குல. எனக்கு இந்த போர்டுலயே ரொம்ப பிடிச்சது இந்த ரெண்டு கல்லுதான், விளக்கமே தேவையில்லாம புரியுது.

நடுவுல ஒரு பீடம், அதுல வேதப் புத்தகம், அதுலேர்ந்து வானத்துக்கு போற ஏணி. யாக்கோபு கனவுல பார்த்த ஏணி இது, படிகள்ல விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூணுக்கும் அடையாளம் இருக்கும், நங்கூரம் தெரிஞ்சா அது நம்பிக்கை. பீடத்தோட முகப்புல ஒரு வட்டம், நடுவுல புள்ளி, ரெண்டு பக்கமும் நேர்கோடு. இதை சூரிய வழிபாடுன்னு சொல்லி மணிக்கணக்கா பேசுற ஆளுங்க இருக்காங்க, ஆனா சடங்குல சொல்ற விளக்கம் சிம்பிள், வட்டத்தோட மையத்துல நின்னா தப்பு பண்ண முடியாது, அவ்வளவுதான். அந்த ரெண்டு கோடு யாருங்கிறதுலதான் நாடு தெரியும். அமெரிக்காவுல ரெண்டு யோவான்கள், ஸ்நானகனும் சுவிசேஷகனும். இங்கிலாந்துல மோசேயும் சாலொமோனும். 1813 டிசம்பர் 27-ல சண்டை போட்டுக்கிட்டிருந்த ரெண்டு இங்கிலீஷ் கிராண்ட் லாட்ஜும் ஒண்ணா சேர்ந்தாங்க, அதுக்கப்புறம் சடங்குல கிறிஸ்தவ வாடையை குறைச்சு எந்த மதத்துக்காரரும் உட்காரலாம்னு ஆக்கினாங்க, யோவான்கள் போனது அப்பதான். வேடிக்கை என்னன்னா அந்த டிசம்பர் 27-ம் சரி, 1717-ல கூடின ஜூன் 24-ம் சரி, ரெண்டுமே யோவான் திருநாள்.

நம்ம பக்கம் இதுக்கு முன்னாடியே ஆர்க்காட்டு நவாப் மகன் உம்தத்துல் உமராவை 1770-கள்ல திருச்சியில வச்சு சேர்த்துக்கிட்டாங்க. இன்னிக்கும் இந்திய லாட்ஜ் பீடத்துல கீதை, குரான், பைபிள்னு ஒண்ணுக்கு மேல புத்தகம் இருக்கும், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க புத்தகத்து மேல சத்தியம் பண்ணுவாங்க. சென்னையில எழும்பூர்ல ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருக்கு, அந்தப் பக்கம் போனா முகப்பை பாருங்க, இதுவரைக்கும் சொன்னதை வச்சு படிச்சுப் பாக்கலாம்.

ரெண்டாவது டிகிரி போர்டுல ரெண்டு தூணும் வளைஞ்சு போற படிக்கட்டும் இருக்கும். 1 இராஜாக்கள் 7-ம் அதிகாரத்துல சாலொமோன் கோயில் வாசல்ல வச்ச யாகீன், போவாஸ்தான் அந்த தூண்கள், ரெண்டு வெண்கலத் தூணும் பதினெட்டு முழ உயரம்னு பைபிள்லயே இருக்கு. ஜே, பி எழுத்து போட்ட ரெண்டு தூணை எங்க பார்த்தாலும் இதுதான். மூணாவது போர்டுதான் பார்க்க பயமா இருக்கும், சவப்பெட்டி, மண்டையோடு, எலும்பு, மேல ஒரு அகேசியா கிளை. இதுக்குப் பின்னாடி இருக்கிறது ஈராம் கதை. சாலொமோன் கோயில் வேலைக்கு தீரு நகரத்துலேர்ந்து வந்த விதவை மகன் ஈராம் பைபிள்ல வர்றார், ஆனா அவர் ரகசியத்தை காட்டிக்குடுக்க மாட்டேன்னு சொல்லி கொலையானதா வர்ற கதை மேசன்களோடது, பைபிள்ல கிடையாது. அகேசியா கிளை அந்த புதைச்ச இடத்தோட அடையாளம், சாவுக்கப்புறமும் ஏதோ இருக்குங்கிறதுக்கு. சாத்தான் வேலைன்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க, சாகப்போறே ஒழுங்கா வாழுன்னு சொல்ற பாடம் இது.

மத்த சாமான்லாம் வேகமா சொல்லிடுறேன். 24 இன்ச் அளவுகோல்னா ஒரு நாளோட 24 மணி நேரம். சுத்தியல் மனசாட்சி, உளி படிப்பு. அமெரிக்காவுல முதல் படியில உளி கிடையாது, அதே மாதிரி கொத்தனார் கரண்டி அங்க மூணாவது படி சாமான், சகோதர பாசத்தை பூசுறதுக்கு. தேன்கூடு உழைப்பு, மணல் கடிகாரம் ஆயுசு, இது ரெண்டும் அமெரிக்க சார்ட்டுகள்ல நிறைய வரும்.

கடைசியா வச்சிருந்த கண்ணுக்கு வருவோம். எல்லாம் பார்க்கிற கண்ணு ஐரோப்பிய கிறிஸ்தவ ஓவியத்துல ரொம்ப முன்னாடியே சாதாரணமா இருந்தது, முக்கோணம் திரித்துவம். டாலர் நோட்டுல கண்ணும் பிரமிடுமா தெரியுற அமெரிக்க அரசு முத்திரை 1782-ல முடிவாச்சு, அதோட டிசைனை முடிச்ச சார்ல்ஸ் தாம்சன், வில்லியம் பார்ட்டன் ரெண்டு பேரும் மேசன்னு எந்த ஆதாரமும் இல்ல. அமெரிக்க மேசன் கையேடுகள்ல கண்ணு பிரபலமானது 1797-ல தாமஸ் ஸ்மித் வெப் போட்ட புத்தகத்துக்கு அப்புறம், அதாவது முத்திரை வந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு. பிரமிடு இவங்க சின்னமே இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும், 1935-ல அந்த முத்திரையை டாலர் நோட்டுல ஏத்தினப்போ ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட் மேசன்தான், அதனால சந்தேகப்படுறவங்க முழுசா காத்துல பிடிக்கலை. இலுமினாட்டி தனிக் கதை, 1776-ல பவேரியாவுல ஆடம் வைஸ்ஹாப்ட் ஆரம்பிச்சது, பத்து வருஷம்கூட தாங்காம அரசாங்கம் தடை போட்டு முடிச்சிடுச்சு.

அடிக்கல்லுல ஏ.எல். 5890 மாதிரி விசித்திரமா ஒரு வருஷம் பொறிச்சிருந்தா பயப்படாதீங்க, 4000 கழிங்க, 1890 வரும். ஏ.எல்.னா அன்னோ லூசிஸ், வெளிச்ச வருஷம், அதாவது உலகத்துல வெளிச்சம் உண்டான வருஷத்துலேர்ந்து எண்றாங்க.

கல்லறையில படிக்கும்போதுதான் அதிகம் ஏமாறுவோம். மண்டையோடு மட்டும் இருந்தா மேசன்னு முடிவு கட்டாதீங்க, ஸ்காட்லாந்து பழைய கல்லறைத் தோட்டங்கள்ல அது எல்லார் மேலயும் இருக்கும். ரெண்டு கை குலுக்குறது பெரும்பாலும் புருஷன் பொண்டாட்டி பிரிவு. மூணு சங்கிலி வளையம்னா ஆட் ஃபெலோஸ்ங்கிற வேற சங்கம், அவங்களும் கண்ணை போட்டுக்குவாங்க. மூலைமட்டம் கவராயத்தையே ஐரோப்பாவுல தச்சர் சங்கங்களும் வச்சிருந்தாங்க, கூட கோடரியோ இழைப்புளியோ இருந்தா நிஜ தச்சரா இருக்கலாம். இனி வர்றதெல்லாம் மேசன்களோட சேர்ந்த கிளை அமைப்புகள்: ரெண்டு தலை கழுகும் 32 இல்லன்னா 33-ங்கிற எண்ணும் இருந்தா ஸ்காட்டிஷ் ரைட், மூணு ஆங்கில T ஒட்டின மாதிரி இருந்தா ராயல் ஆர்ச், பிறையும் வாளும்னா ஷ்ரைனர்ஸ், அஞ்சு கலர் நட்சத்திரம்னா ஈஸ்டர்ன் ஸ்டார், அதுல பெண்களும் உண்டு. வளைவோட உச்சிக்கல்லுல வட்டமா எட்டு எழுத்து, H.T.W.S.S.T.K.S.னு இருந்தா மார்க் மேசன், விதவை மகன் ஈராமை சாலொமோன் ராஜாகிட்ட அனுப்பின வாக்கியத்தோட முதல் எழுத்துக்கள். பல கல்லறையில அந்த எட்டு எழுத்துக்கு நடுவுல இன்னொரு குட்டி படம் இருக்கும், அது அந்த ஆள் தனக்குன்னு தேர்ந்தெடுத்த சொந்த அடையாளம், அதுக்கு எந்த கையேட்டுலயும் அர்த்தம் தேடாதீங்க.