பதிலை முன்னாடியே சொல்லிடாதீங்க: ஆறாவதுல இருந்து எட்டாவது வரை படிக்கிற பசங்களுக்கு கையால கத்துக் கொடுக்கிறது எப்படி

ஆறாவது ஏழாவது எட்டாவது, இது ரெண்டுங்கெட்டான் வயசு. சின்னப் பசங்க மாதிரி கலர் பேப்பர் வெட்டி ஒட்டச் சொன்னா மூஞ்சிய திருப்பிக்குவாங்க, ஃபார்முலா எழுதிப் போட்டா தூக்கம் வந்துரும். இந்த வயசுக்கு செட்டாகுறது அளந்து பாக்குற வேலைதான், அதுவும் பதில் என்ன வரும்னு தெரியாம அளக்குறது. ரெடிமேட் சயின்ஸ் கிட் வாங்கிக் கொடுத்தீங்கன்னா ஒரு சாயங்காலம் ஓடும், ஏன்னா அதுல ஸ்டெப் ஒண்ணு ரெண்டுன்னு போட்டு கடைசில என்ன வரும்ங்கிறதையும் அவனே அச்சடிச்சு வச்சிருப்பான், அப்புறம் அது பரணுக்குப் போயிரும்.

எனக்கு இது புரிஞ்சது அக்கா பையன்கிட்ட. லீவுல நூல்ல ஒரு இரும்பு நட்டைக் கட்டி மேஜை ஓரத்துல தொங்கவிட்டு ஊசல் பண்ணலாம்னு உக்காந்தோம், நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம "நூல் நீளம் கால்வாசி ஆனாத்தான் ஆடுற நேரம் பாதி ஆகும் தெரியுமா"ன்னு முதல்லயே கொட்டிட்டேன். "அப்ப எதுக்கு மாமா பண்ணனும்"னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். நியாயமான கேள்விதானே.

அடுத்த வாட்டி வாயே திறக்கலை, இதையே நீங்களும் செய்யுங்க. நூலைக் கட்டின இடத்துல இருந்து நட்டோட நடு வரைக்கும் சரியா 100 செமீ வச்சுக்கோங்க, லேசா ஒரு பக்கம் இழுத்து விடுங்க, பெருசா வீசக் கூடாது. ஒரு ஆட்டத்தை மட்டும் ஸ்டாப்வாட்ச்ல பிடிக்கிறது கஷ்டம், விரல் லேட்டாகும், அதனால போய்ட்டு திரும்பி வர்றத ஒண்ணுன்னு வச்சு பத்து ஆட்டத்துக்கு நேரம் பாத்து பத்தால வகுத்துக்கணும். பத்து ஆட்டத்துக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 20 செகண்ட் வரும். 18 வந்துச்சுன்னா நூலைக் குத்தம் சொல்லாதீங்க, பையன் விடும்போதே "ஒண்ணு"ன்னு எண்ண ஆரம்பிச்சிருப்பான், அப்ப நிஜமா ஆடினது ஒன்பதுதான். விடும்போது "சைபர்"னு சொல்லணும். இதை நீங்க சொல்லித் தரவே வேண்டாம், ரெண்டு பேரை எண்ண விடுங்க, ஒருத்தனுக்கு 18 ஒருத்தனுக்கு 20 வந்து சண்டை போட்டு அவங்களே கண்டுபிடிப்பாங்க.

இப்பதான் முக்கியமான விஷயம். நூலைப் பாதியாக்கி 50 செமீ வச்சா பத்து ஆட்டத்துக்கு எவ்வளவு ஆகும்னு கேளுங்க, வாயால சொன்னா பத்தாது, நோட்டுல பேனாவால எழுதச் சொல்லுங்க, பென்சில் கூடாது ஏன்னா அப்புறம் அழிச்சுருவாங்க. முக்காவாசிப் பேர் 10ன்னு எழுதுவாங்க. அளந்தா 14 வரும். அந்த முகத்தைப் பாக்கணுமே! தப்பா அளந்துட்டோம்னு திரும்ப மூணு வாட்டி பண்ணுவாங்க, பண்ணட்டும், 10 செகண்ட் வேணும்னா நூல் எவ்வளவு இருக்கணும்னு தேடித் தேடி 25 செமீக்கு வந்து நிப்பாங்க. ஸ்கொயர் ரூட் பாடம் வரும்போது அந்த 14 தன்னால ஞாபகம் வரும். அப்புறம் சின்ன நட்டுக்குப் பதிலா பெரிய நட்டு மாட்டினா வேகமா ஆடுமான்னு கேட்டு விட்டுருங்க (நட்டோட நடு வரைக்கும் நீளம் அதே அளவு இருக்கணும், அது மட்டும் பாத்துக்கோங்க), பதிலை இங்க எழுதப் போறதில்ல.

எல்லா வேலைக்கும் இதே முறைதான், கேள்வி ஒண்ணே ஒண்ணு, முதல்ல ஊகம், அப்புறம் அளவு, அப்புறம் ஏன் ஒத்துப் போகலைன்னு பேச்சு.

வெயில் இருக்குற நாள்ல ஒரு குச்சியை நேரா நட்டு, பதினொண்ணுல இருந்து ஒண்ணரை வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிழலோட நுனியில சின்னக் கல்லு வைக்கச் சொல்லுங்க. நிழல் எப்ப ரொம்பக் குட்டையா இருக்கும்னு கேட்டா "பன்னெண்டு மணிக்கு"ன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா பெரும்பாலான ஊர்ல அது பன்னெண்டுக்கு முன்னயோ பின்னயோதான் வரும், ஏன்னா நம்ம கடிகாரம் நாடு முழுக்க ஒரே நேரம் காட்டுது, சூரியன் அப்படிப் பாத்துக்கிட்டு இருக்காது. குட்டையான நிழல் விழுற கோடுதான் வடக்கு தெற்கு, ஃபோன்ல காம்பஸ் வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம். சூரியனை மட்டும் நேரா பாக்க விடாதீங்க.

நிலா நோட்டு இன்னும் சுலபம், தினம் ஒரே இடத்துல ஒரே நேரத்துல நின்னு எங்க இருக்கு என்ன வடிவம்னு வரையணும், அவ்வளவுதான். நாளுக்கு சுமார் 50 நிமிஷம் லேட்டா உதிக்கும்ங்கிறதால சீக்கிரமே "நிலாவ காணோம்"னு வந்து நிப்பாங்க. அமாவாசைல இருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய 29 அரை நாள், அதை அவங்க நோட்டே சொல்லட்டும். நடுவுல நாலு நாள் மேகம்னா நாலு கட்டம் காலி, அதை இட்டுக்கட்டி நிரப்பக் கூடாது.

பழைய சாமானைப் பிரிக்கிறதுதான் பசங்களுக்கு உசுரு. உடைஞ்ச பொம்மைக் கார், பழைய கீபோர்டு, கை கடிகாரம் எல்லாம் பிரிக்கலாம். மைக்ரோவேவ் அவன், பழைய பெட்டி டிவி ரெண்டையும் தொடவே கூடாது, பிளக்கைப் பிடுங்கி வச்சாலும் உள்ள கரண்ட் தங்கியிருக்கும். ஃபோன் பேட்டரியைக் குத்தினா தீப்பிடிக்கும். கழட்டுற ஸ்க்ரூவை வரிசையா ஒரு டேப்புல ஒட்டி எந்த இடத்துதுன்னு எழுதி வைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா மாட்டும்போது நாலு மிச்சமாகும். கார்ல கியர் பல்லை எண்ணச் சொல்லுங்க, 10 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தை சுத்தினா சின்னது நாலு சுத்து சுத்தினாத்தான் பெருசு ஒண்ணு, விகிதம் பாடம் கையிலேயே இருக்கு.

கடைசியா எங்க வீட்டுல நடந்தது ஒண்ணு. ஒரு குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சு, யாரும் கண்டுக்கலை. பையன்கிட்ட ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போகும்னு ஊகிக்கச் சொன்னேன், "ஒரு டம்ளர்"னு எழுதினான். பத்து நிமிஷம் அளவு கப்ல பிடிச்சா 60 மில்லி, நாளைக்கு இந்த மாதிரி 144 பத்து நிமிஷம், பெருக்கிப் பாத்தா எட்டரை லிட்டருக்கு மேல. நோட்டைத் தூக்கிக்கிட்டு நேரா அவங்கம்மாகிட்ட ஓடினான், அக்கா பிளம்பருக்கு ஃபோன் போடப் போக இவன் தடுத்து, "வாஷர்தானேம்மா, நானே மாத்துறேன், மெயின் வால்வு எங்க இருக்குன்னு மட்டும் காட்டு"ன்னான்.